வியாழக்கிழமை

வியாழனில் என் கிளினிக்குக்கு ஆள் வராது.
முத்தையன்கட்டு இடதுகரை,
சனசமூக நிலையத்தின் பின் அறை.
வளையில் கொழுவிய தராசில்
காற்று மட்டும் வந்து ஏறி இறங்கும்.

"தாய்மாருக்கு விழிப்புணர்வு போதாது"
என்று கந்தோரில் எழுதினார்கள்.
நானும் கையெழுத்து வைத்தேன்.
ஒட்டச் சொல்லி ஒரு படமும் தந்தார்கள்:
கீரை, முட்டை, ஒரு கிளாஸ் பால், வெட்டிய தோடம்பழம்.
மூன்று வயதுக் கவிநிலா
அந்தத் தோடம்பழத்தை நகத்தால் சுரண்டி
விரலை மணந்து பார்த்தாள்.

பிறகுதான் தெரிந்தது,
வியாழன் பத்து மணிக்குத்தான்
கடன்காசுப் பெடியன் வருவான் என்று.
வைரவர் கோயிலடி வீரைக்குக் கீழே
பதினாலு பெண்கள், ஒரு குழு.
ஒருத்திக்குக் காசு குறைந்தால்
மற்றப் பதின்மூன்று பேரும் எழும்பக் கூடாது.
ஈடு வைக்கக் காணி உறுதி இல்லை அவர்களிடம்.
ஒருத்திக்கு ஒருத்தியை வைத்திருந்தார்கள்.

குளத்து மீன் விடியமுன் ஐஸ் பெட்டியில் ஏறி
லொறியில் போய்விடுகிறது.
பிடித்தவன் வீட்டில் சோறும் சம்பலும்.
தவமலர் சொன்னாள்:
"மீனை நாங்கள் திண்டால், மிஸி,
வியாழன் எங்களைத் தின்னும்."

நான் கொடுத்த இரும்புக் குளிசை
வயிற்றைப் பிரட்டுதாம் அவளுக்கு.
சாப்பிட்ட பிறகு போடுங்கோ என்றேன்.
"ஓம் மிஸி."
அந்த ஓம் எனக்குத் தெரியும்.
முகாமில், வரிசையில் நின்று,
நானும் சொல்லியிருக்கிறேன்.

சிவகலை நாலாம் மாதமே பால் மறப்பித்தாள்.
ஆடைத் தொழிற்சாலை பஸ் ஐந்து மணிக்கு,
சந்திவரை யானை கடக்கும் பாதை.
முதல் கிழமை முழுக்க
சட்டை நனைந்து நெஞ்சோடு ஒட்ட ஒட்டத்
தைத்தாளாம்,
எந்தக் குளிர்நாட்டுப் பிள்ளைக்கோ ஒரு அங்கி.

போன மாசம் தராசைக் கழற்றி
ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு
(அதுவும் லீசிங்தான்)
வீரையடிக்கே போனேன்.
கொப்பில் கொழுவினேன்.
அந்தப் பக்கம் பெடியன் கொப்பியை விரித்தான்,
இந்தப் பக்கம் நான்.
தவமலரின் மனுசன் கைமாற்றுக்கு ஓடியிருந்தான்.
எழும்ப ஏலாமல் எல்லாரும் இருந்தார்கள்.
பிள்ளைகள் ஒவ்வொன்றாய் ஏறினார்கள்.
பதினொன்று. ஒன்பதரை. ஒன்பதரை.
கவிநிலா பத்து இருநூறு.
புள்ளி வைத்தேன், செம்மஞ்சளுக்குள் விழுந்தது.
நிலுவை இரண்டாயிரத்து நானூறு என்று அவன் எழுதினான்.
இரண்டு கொப்பியிலும் அதே வீடுகள்.

வெயில் உச்சிக்கு வர
டினுசாந், அதுதான் அந்தப் பெடியன்,
நெளுக்குளத்தான், இருபத்தாறு வயது,
மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நெற்றியைப் பிடித்தான்.
"தலையிடி மிஸி, கொஞ்ச நாளாய்."
கையை நீட்டச் சொல்லிப் பட்டியைச் சுற்றினேன்.
நூற்றைம்பத்தாறு, கீழே நூற்றிரண்டு.
காலமை என்ன சாப்பிட்டாய்?
தேத்தண்ணி.
இந்தக் கரையில் காசு விழாவிட்டால்
அவன் சம்பளத்தில் வெட்டு,
வவுனியாவில் அவனுக்கும் மேலே ஒரு கொப்பி.

தவமலர்தான் போத்தலை நீட்டினாள்.
குடிக்கமுன் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான்.
அடியில் வெள்ளையாய் எதுவோ படிந்திருந்தது.
குடித்தான்.
மீதியை அவள் பிள்ளைக்குப் பருக்கினாள்.

காலாண்டு அறிக்கை போனது.
இடதுகரை: வருகை நூறு வீதம்.
எனக்கொரு பாராட்டுக் கடிதம் வந்தது.
எடை குறைந்தவர்கள் தொகை அப்படியே.
அதற்குப் பக்கத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்,
சின்னவிரல் நகமளவு.
மீன், பஸ், உறுதி, தண்ணி
எதுவும் அதற்குள் அடங்கவில்லை.
வியாழக்கிழமை என்று எழுதினேன்.

பிழையென்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
திகதிக்கான கட்டம்
மேலே இருக்கிறதாம்.